முயலுக்கு வாங்கிய துவக்கு

ஆப்பிள் கன்றின் பட்டையை முயல் எந்த உயரத்தில் கடிக்கும் என்று யாராவது கேட்டால், பனியின் மேற்பரப்பிலிருந்து அளவுநாடாவைப் பிடியுங்கள் என்பேன். வெறும் நிலத்தில் குந்தியிருக்கும் முயலுக்கு ஒன்றரை அடிதான் எட்டும். ஆகவே கன்றின் அடியைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வெள்ளைப் பிளாஸ்டிக் சுருள் போட்டால் போதும் என்று கன்று விற்றவர்கள் சொன்னார்கள். டிசம்பர் நடுப்பகுதி வரைக்கும் அவர்கள் சொன்னது சரி. அதன்பிறகு பனி இரண்டடி ஏறும். முயல் அதன்மேல் வந்து உட்கார்ந்து, சுருள் முடிகிற இடத்திலிருந்து தன் சாப்பாட்டைத் தொடங்கும். பட்டை ஒரு முழு வளையமாகப் போய்விட்டால் மரம் முடிந்தது. ஏப்ரலில் மொட்டுக் கட்டும், மே மாதத்தில் இலையும் விடும், ஜூனில் வாடி நிற்கும்.

கன்றுகள் என் மனைவியின் தம்பியுடையவை. எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் அத்தான். நாங்கள் இருக்கிற லாசாலில் ஒரு பாண் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷம் மாக் குழைத்தவர், ஐம்பதாவது வயதில் அதை விட்டுவிட்டு, ஆற்றுப் பாலம் கடந்து முக்கால் மணித்தியாலம் தெற்கே, வயதான ஒரு கியூபெக் கமக்காரரிடம் காணி குத்தகைக்கு எடுத்தார். முந்நூறு ஒட்டுக் கன்று நட்டார். நட்ட அன்று நானும் கயிறு பிடித்தேன். வரிசைக்கு இருபத்தைந்தாகப் பன்னிரண்டு வரிசை. முதல் இரண்டு பனிக்காலங்களில் அறுபத்தொன்று போய்விட்டன. மூன்றாவது நவம்பரில், முதல் ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் இருவரும் நடந்து எண்ணியபோது இருநூற்று முப்பத்தொன்பது நின்றன.

எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதிவைக்கிற ஆள் நான். விமானப் பாகங்கள் செய்யும் ஒரு பட்டறையில் அளவு பரிசோதிப்பது என் வேலை. ஒரு திருகாணி மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கையெழுத்துப் போடமாட்டேன். வீட்டிலும் அதே பழக்கம்தான். எந்தத் திகதியில் முதல் பனி விழுந்தது, எந்த வருஷம் ஆற்றில் ஐஸ் முன்னதாக உடைந்தது, எல்லாம் கொப்பிகளில் இருக்கிறது. அந்த இருநூற்று முப்பத்தொன்பதும் இருக்கிறது.

குத்தகை மூன்று வருஷத்துக்குத்தான். தொடர்வதா விடுவதா என்று மார்ச் முடிவுக்குள் கிழவருக்குச் சொல்லியாக வேண்டும். பக்கத்துக் காணிக்காரர் சோளம் போடுவதற்கு அந்த நிலத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மச்சான் தனக்கென்று ஒரு கோடு கீறி வைத்திருந்தார்.

“இருநூறு நிண்டா நானும் நிப்பன், அத்தான். அதுக்குக் கீழ போனா திரும்பவும் பாண்தான். அந்த மனுசன் சோளத்தைப் போடட்டும்.”

“ஆர் சொன்னது இருநூறு எண்டு?”

“நான்தான் சொல்லுறன். எங்கையாவது ஒரு இடத்தில நிப்பாட்ட வேணுமெல்லே. இல்லாட்டி நூறு வந்தாலும் இன்னும் நூறு இருக்குத்தானே எண்டு நிண்டுகொண்டிருப்பன்.”

அதை நான் மறுக்கவில்லை. அளவெல்லை இல்லாத வேலையில் எனக்கும் நம்பிக்கை கிடையாது.

அவர் சும்மா இருந்தவரும் இல்லை. முதல் வருஷம் ஊர் மிளகாய்த்தூளை இரண்டு வாளி தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு கன்றுக்கும் தெளித்தார். மழை வந்து கழுவியது, திரும்பவும் தெளித்தார். “முயலுக்கு உறைப்புப் பிடிச்சுப் போச்சு, அத்தான். இனிக் கருவேப்பிலையும் கேக்கும்,” என்றார். கிழவரின் நாயைக் கூப்பிட்டுப் பார்த்தோம். அதற்குப் பதினான்கு வயது. கொட்டிலின் வெயில் பக்கத்தில் படுத்தபடி முயல்கள் கடந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் கிழவர்தான் தன் சமையலறை மேசையில் கோப்பியை வைத்துக்கொண்டு சொன்னார்: ஒரு இருபத்திரண்டு வாங்குங்கள். மூன்று நான்கு முயல்தான் இங்கே இருக்கின்றன. என் கண் நன்றாக இருந்தால் நானே முடித்திருப்பேன்.

இருபத்திரண்டு என்பது சிறிய துவக்கு. அதன் தோட்டா ஒரு பென்சில் முனையளவுதான் தடிப்பு. தோளில் உதைக்காது. சத்தமும் கதவை அடித்துச் சாத்திய அளவுக்கே இருக்கும். ஆனாலும் துவக்கு துவக்குத்தான். மச்சான் தொடமாட்டேன் என்றார். பதினேழு வயதில் அவர் ஊரை விட்டது அதற்குப் பயந்துதான். இன்றைக்கும் எங்காவது பட்டாசு வெடித்தால் அவர் கண் முதலில் கதவைத் தேடும். நான் வேறு விதம். ஊரில் யுத்த காலத்துச் சோதனைச் சாவடிகளில், இரண்டு மீட்டர் தூரத்தில், மற்றப் பக்கத்திலிருந்து நிறையத் துவக்குகள் பார்த்திருக்கிறேன். பின்பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஐம்பத்தாறு வயதில்தான் அறிந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்ன அன்று மனைவி சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இஞ்சருங்கோ, துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம் நாங்கள். நீங்க இப்ப காசு குடுத்து வீட்டுக்குள்ள கொண்டு வரப்போறியளே?”

“முயலுக்கப்பா.”

“முயலுக்குத்தான் எண்டு அதுக்குத் தெரியுமே?”

தம்பிக்காகத்தான் கடைசியில் சம்மதித்தாள். நிலவறையில் இரும்பு அலுமாரி, அதற்கு இரண்டு பூட்டு, தோட்டா வேறு பெட்டியில் வேறு மூலையில் என்று அவள் போட்ட நிபந்தனைகள் சட்டம் கேட்டதைவிடக் கடுமையாக இருந்தன. நானும் அப்படித்தான் செய்ய நினைத்திருந்தேன்.

உரிமம் எடுப்பதற்கான வகுப்பு ஒரு சனியும் ஞாயிறும். படிப்பித்தவர் பிரெஞ்சில் வேகமாகப் பேசினார். சுற்றிலும் இருபது வயதுப் பையன்கள். கொப்பியும் கூர்மையான இரண்டு பென்சிலுமாகப் போன ஒரே ஆள் நான். சோதனையில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. போன இரண்டு புள்ளியும் ஒரே கேள்வியில் போனது, அந்தக் கேள்வி சரியாகக் கேட்கப்படவில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். பிறகு விண்ணப்பம், மாதக்கணக்கில் காத்திருப்பு, கியூபெக் பதிவு, சிறு விலங்கு வேட்டைக்கான சீட்டு. அந்தக் காணியில் சுடலாமா என்று நகராட்சிக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, ஆம் என்று பதில் வந்த கடிதத்தையும் கோப்பில் போட்டேன். அதற்குள் முயலைப் பற்றியும் வாசித்து முடித்திருந்தேன். எங்கள் காணியில் நிற்பது பனிக்காலத்தில் வெள்ளையாக மாறும் பெரிய இனம் இல்லை. வருஷம் முழுக்கச் சாம்பல்மண் நிறத்தோடு, வால் மட்டும் பஞ்சுபோல் வெளுத்த சின்ன இனம். பனியில் நன்றாகத் தெரியும்.

நவம்பர் இரண்டாவது சனிக்கிழமை துவக்கு வீட்டுக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துத் தோட்டா ஏற்றுகிற வகை. பீச் மரத்தில் கட்டை, மூன்று கிலோவுக்குச் சற்றுக் குறைவு. மேலே குறி பார்க்கும் ஸ்கோப். மூன்று கடைகளில் கையில் பிடித்துப் பார்த்துத்தான் இதைத் தெரிந்தெடுத்தேன். பொருத்துகள் ஒன்றிலும் ஆட்டம் இல்லை. அளவு பார்த்துப் பழகிய கைக்கு அது உடனே தெரியும்.

தொழிற்சாலையில் பூசியிருந்த தடித்த கிரீஸைக் கழுவிவிட்டு மெல்லிய எண்ணெய் இடவேண்டும் என்று கையேட்டில் இருந்தது. குழல் துடைக்கும் கம்பி, தூரிகை, துணி எல்லாம் வாங்கியிருந்தேன். எண்ணெய் வாங்கவில்லை, வீட்டில் இருந்தது. தையல் மெஷின், கத்தரிக்கோல், கதவுப் பிணைச்சல், பூட்டு என்று எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் இடுகிற அதே எண்ணெயைப் போல்ட்டின் உள்ளேயும் வெளியேயும் தாராளமாக இட்டேன். கொப்பியில் இப்படி எழுதினேன்: “போல்ட் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் இடப்பட்டது. மாலை 4.20.”

மச்சான் சந்தனமும் கற்பூரமும் கொண்டுவந்திருந்தார். டிராக்டர் வாங்கியபோதும் அப்படிப் பூசை செய்தவர்.

“வாகனமெண்டா தேசிக்காயைச் சில்லுக்குக் கீழ வைச்சு ஏத்தலாம். இதுக்கு என்ன செய்யிறது, அக்கா?”

“இதுக்கு ஒண்டும் செய்ய வேண்டாம். பூட்டி வையுங்கோ,” என்றாள் மனைவி.

ஆனாலும் மரக்கட்டையில் ஒரு சின்னப் பொட்டு வைக்க விட்டோம். விரல் நுனி மட்டும் பட்டது. அந்தத் துவக்கை மச்சான் தொட்டது அந்த ஒருமுறைதான்.

டிசம்பரில் மூன்று ஞாயிற்றுக்கிழமை உள்ளரங்கச் சுடுமிடத்துக்குப் போனேன். சூடாக்கிய நீண்ட மண்டபம், இருபத்தைந்து மீட்டர். முதல் நாள் சன்னங்கள் இலக்குக் கடதாசியில் கொஞ்சம் இடப்பக்கம் போயின. ஸ்கோப்பைத் திருத்தினேன். மூன்றாம் நாள் ஐந்து சன்னமும் ஒரு இருபத்தைந்து சத நாணயத்துக்குள் அடங்கின. பக்கத்தில் நின்ற ஒருவர் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டு எத்தனை வருஷமாகச் சுடுகிறீர்கள் என்று கேட்டார். மூன்றாவது ஞாயிறு என்றேன். நூற்றைம்பது தோட்டாவில் ஒன்றுகூட வெடிக்காமல் போகவில்லை. முயல் விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை காணிக்குப் போனோம். அதற்குள் பதினான்கு கன்று போயிருந்தது. மச்சான் ஒவ்வொன்றிலும் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தார். மிச்சம் இருநூற்று இருபத்தைந்து. வெப்பநிலை மைனஸ் பதினான்கு, காற்றில்லை. செம்மஞ்சள் மேலங்கியைப் போட்டுக்கொண்டு, வாய்க்காலின் மண்கரையைப் பின்னணியாக வைத்து, ஐம்பது மீட்டரில் பலகையில் கடதாசி குத்தினேன். காரிலிருந்து எடுத்த கையோடு பத்துத் தோட்டா சுட்டேன். பத்தும் வெடித்தன, கடதாசியில் அழகாகக் குவிந்தன. கிழவர் தன் பின்வாசலில் நின்று பெருவிரலைக் காட்டினார். மச்சான் கொட்டிலுக்குள் நின்றார்.

பிறகு விறகுக் குவியலுக்குப் பின்னால் ஒரு பலகையில் படுத்துக்கொண்டேன். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முந்தித்தான் அவை புதரிலிருந்து வெளியே வரும். மூன்று ஐம்பதுக்கு ஒன்று வந்தது. நாற்பத்தைந்து மீட்டர். ஆறாவது வரிசையில் ஒரு கன்றுக்குக் கிட்ட வந்து, முன்னங்கால் இரண்டையும் தூக்கி மரத்தில் வைத்தது. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல இழுத்தேன்.

டிக்.

வெடிக்கவில்லை. வெடிக்காத தோட்டா சற்றுப் பிந்தி வெடிக்கக்கூடும் என்பதால், குழலை அசைக்காமல் முப்பது வினாடி பிடித்திருக்க வேண்டும் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள். பிடித்திருந்தேன். ஸ்கோப்புக்குள் முயல் பட்டையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை முப்பது வினாடியும் பார்த்தேன். தோட்டாவை மாற்றினேன். மறுபடியும் டிக். இந்த முறை அது காதை உயர்த்தி என் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் புதருக்குள் போனது.

மச்சான் கொட்டிலிலிருந்து வந்தார். “சுட்டிட்டியளே?”

“இல்லை. வெடிக்கேல்லை.”

“நானும் காதைப் பொத்திக்கொண்டு நிண்டனான். ஒண்டும் கேக்கேல்லை, பேந்து கையை எடுத்திட்டு நிண்டனான். அப்பவும் ஒண்டும் கேக்கேல்லை.”

வெடிக்காத தோட்டா இரண்டையும் ஒரு வெறும் மாத்திரைப் போத்தலில் போட்டு, திகதி எழுதி ஒட்டினேன்.

தோட்டாவில்தான் குறை என்பது என் முடிவு. ஒரு பெட்டியில் ஒன்றிரண்டு அப்படி இருப்பது உலகத்தில் நடக்கிற விஷயம். அடுத்த சனி மைனஸ் பதினேழு. அந்த வாரத்துக்குள் இன்னும் பதினொரு கன்று போயிருந்தது. கடதாசியில் நேரத்தைக் கழிக்காமல் நேரே போய்ப் படுத்தேன். ஐம்பது நிமிஷத்துக்குப் பிறகு இரண்டு முயல் வந்தன. டிக். முப்பது வினாடி. டிக். முப்பது வினாடி. மூன்றாவது வெடித்தது, ஆனால் அதற்குள் அங்கே முயல் இல்லை.

“அத்தான், நீங்க டிக் எண்டு சொல்ல அது தலையாட்டுது. ரெண்டு பேரும் நல்லா அறிமுகமாகிட்டியள்,” என்றார் மச்சான். சிரித்தார், ஆனால் கையில் ரிப்பன் சுருள் இருந்தது. அடுத்த வரிசைக்குக் கட்டப் போனார்.

மூன்றாம் சனிக்கு வேறு நிறுவனத்தின் தோட்டா, விலை கூடியது. மைனஸ் பதினொன்று. அந்த வாரத்துக்குள் மேலும் ஒன்பது கன்று போயிருந்தது. கடதாசியில் பத்துச் சுட்டேன், பத்தும் போயின. எனக்கு நெஞ்சு நிறைந்தது. படுத்தேன். நான்கு மணிக்கு முயல் வந்தது. டிக். டிக்.

எழும்பி வந்தபோது கிழவர் வாசலில் நிற்கவில்லை. மச்சான் காருக்குள் ஹீட்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்குப் புறப்பட்டோம். பாலத்தின் மேல் வாகனங்கள் நெருங்கி நின்றபோது, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி சொன்னார்:

“இருநூற்றி அஞ்சு, அத்தான். இன்னும் ரெண்டு மாசம் பனி கிடக்கு. நான் கிழவனுக்கு இப்பவே சொல்லிவிடுறன். அந்தாளும் பக்கத்துக் காணிக்காரனுக்குச் சொல்ல வேணுமெல்லே.”

“ஒரு கிழமை பொறு, மச்சான்.”

“என்னத்துக்கு?”

“எனக்கு ஏனெண்டு தெரிய வேணும்.”

“உங்களுக்குத் தெரியிறதால மரத்தில பட்டை வருமே?”

வராதுதான். ஆனாலும் ஒரு வாரம் தந்தார்.

அடுத்த நாள் ஞாயிறு பின்னேரம் சமையலறை மேசையில் கொப்பியை விரித்தேன். சுட்ட ஒவ்வொரு தோட்டாவுக்கும் ஒரு வரி இருந்தது: நேரம், வெப்பநிலை, எந்தப் பெட்டி, என்ன நடந்தது. தோட்டாவின் பெயரை வைத்துப் பிரித்துப் பார்த்தேன், இரண்டு பெயரிலும் பிழை இருந்தது. வெப்பநிலையை வைத்துப் பார்த்தேன், அதிலும் ஒழுங்கு இல்லை. பிறகு காரை விட்டு இறங்கி எத்தனை நிமிஷம் என்று ஒரு புதுக் கோடு கீறி நிரப்பினேன். உடனே தெரிந்தது. முதல் இருபது நிமிஷத்தில் எல்லாமே வெடித்திருந்தன. நாற்பது நிமிஷம் தாண்டிய பிறகு ஏழில் ஆறு வெடிக்கவில்லை. கார்ச் சூடு இருக்கிற வரைக்கும் துவக்கு வேலை செய்கிறது. குளிர்ந்த பிறகு வேலை செய்யவில்லை.

மாத்திரைப் போத்தலைக் கவிழ்த்தேன். இந்த வகைத் தோட்டாவின் விளிம்பில் ஒரு சின்ன ஊசி குத்தினால்தான் அது வெடிக்கும். உள்ளரங்கில் சுட்டு எடுத்து வைத்திருந்த வெறும் தோட்டாக் கோதுகளில் பள்ளம் ஆழமாக, சதுரமாக இருந்தது. வெடிக்காதவற்றில் நகத்தால் கீறியதுபோல ஒரு தடம் மட்டும். ஆக, உள்ளே ஊசி மெதுவாகப் போகிறது. ஏதோ ஒன்று அதைப் பிடிக்கிறது.

போல்ட்டைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் குளிர்ப்பெட்டியின் மேல்தட்டில் வைத்தேன். திருகிய தேங்காய்ப்பூவுக்கும் வெட்டி உறைய வைத்த முருங்கைக்காய்க்கும் இடையில் இடம் இருந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குப் பிறகு, இரவுச் சமையலுக்கு முருங்கைக்காய் எடுக்கப் போன மனைவி அதோடு திரும்பி வந்தாள்.

“இதென்னப்பா இரும்பு, என்ர முருங்கைக்காய்க்குள்ள?”

“தா, தா. பிடியில தொடாத. சூடாக்காத.”

“நான் ஏன் அதைச் சூடாக்கிறன்?”

வாங்கி, உள்ளேயிருக்கும் ஊசியை விரலால் தள்ளிப் பார்த்தேன். குழைத்த மாவுக்குள் போவதுபோல் போனது. ஒரு பல்லுக்குத்தியால் இடுக்கில் சுரண்டினேன். வெள்ளையாக, மெழுகுத் துருவல்போல் வந்தது. இரண்டு விரலுக்கிடையில் வைத்து உருட்டினேன், உருகிப் பளபளத்தது. அது என்ன என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவி மூக்கைச் சுருக்கினாள். என் கையைப் பிடித்து இழுத்து மணந்து பார்த்தாள்.

“இது என்ர தலைக்கு வைக்கிற எண்ணெயெல்லோ.”

தேங்காயெண்ணெய்.

ஒக்டோபரிலிருந்து மே வரைக்கும் எங்கள் குளியலறையில் அந்தப் போத்தல் சுடுதண்ணிக் கோப்பைக்குள் நிற்கும். பதினெட்டு வருஷமாகக் காலையில் அதை நான் பார்க்கிறேன். ஒவ்வொரு நாளும் அது உறைந்திருக்கும், உருக்கித்தான் தலையில் தேய்ப்பாள். துவக்குக்கு எண்ணெய் இட்ட அன்றும் போத்தலை நானேதான் சுடுதண்ணியில் வைத்து உருக்கினேன். ஊரில் தையல் மெஷினுக்கு அதைத்தான் விடுவார்கள், சைக்கிள் சங்கிலிக்கும் விடுவார்கள். அங்கே அது எந்த நாளும் உறைந்ததில்லை. இங்கேயும் வீட்டுச் சூட்டில் அது வெண்ணெய்போல் மெத்தென்றுதான் இறுகும், அதனால் தையல் மெஷின் ஒரு நாளும் மக்கர் பண்ணவில்லை. கொப்பியில் திகதியும் நேரமும் எழுதிய நான் எண்ணெயின் பெயரை எழுதவில்லை. எண்ணெய் என்றால் எங்களுக்கு வேறு எது?

மனைவி முதலில் சிரிக்கவில்லை. முருங்கைக்காயைத் தண்ணீரில் போட்டாள், அடுப்பை மூட்டினாள், அதன்பிறகு அடுப்புக்கு முன்னாலேயே நின்று தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். “பொட்டும் வைச்சு, எண்ணெயும் வைச்சு,” என்றாள். “இனிப் பூ ஒண்டுதான் குறை.”

அன்றைக்கே மண்ணெண்ணெயில் போல்ட்டைக் கழுவி, ஊசி ஓடும் துவாரத்தைப் பஞ்சுக்குச்சியால் மூன்று தரம் துடைத்து, உலரவிட்டேன். உள்ளே ஒரு சொட்டு எண்ணெயும் இடவில்லை. அடுத்த நாள் மாலை குளிர்ப்பெட்டியில் மறுபடியும் இரண்டு மணித்தியாலம். இந்த முறை ஊசி சொடக்குப் போடுவதுபோல் முன்னால் பாய்ந்தது. மச்சானைத் தொலைபேசியில் கூப்பிட்டு நடந்ததை அப்படியே சொன்னேன்.

“அப்ப இந்த மூண்டு கிழமையும் போன மரம்?”

“அது என்ர பிழையாலதான், மச்சான்.”

“சரி,” என்றார். “சனிக்கிழமை எத்தனை மணிக்கு?”

நான்காம் சனி மைனஸ் பத்தொன்பது. மேலும் ஆறு கன்று போயிருந்தது. நூற்றுத் தொண்ணூற்றொன்பது. கோட்டுக்குக் கீழே வந்துவிட்டதை இருவரும் அறிவோம். துவக்கைக் காரிலிருந்து எடுத்து, கொட்டிலுக்கு வெளியே ஒரு மணித்தியாலம் வேண்டுமென்றே குளிரவிட்டேன். அதன்பிறகு கடதாசியில் ஐந்து. ஐந்தும் போயின. குளிரில் சன்னம் இரண்டு சென்ரிமீட்டர் கீழே விழுந்தது. அதையும் திருத்தினேன்.

நான்கு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்க முயல் வந்தது. கன்றுக்கு முன்னால் நின்று, காதைப் பின்னால் மடித்தது. விசையை இழுத்தேன். அந்தச் சின்னச் சத்தம் பனியில் அடங்கிப்போனது. முயல் நின்ற இடத்திலேயே சரிந்தது, கால் ஒருதரம் உதறியது, அவ்வளவுதான். நடந்து போய்ப் பார்த்தேன். காதுக்கும் கண்ணுக்கும் நடுவில். அது வேதனைப்படவில்லை என்று நிச்சயமாகத் தெரிந்த பிறகுதான் குனிந்தேன். வயிறு கொழுத்திருந்தது, எங்கள் பட்டையில் கொழுத்தது. பின்னங்காலைப் பிடித்துத் தூக்க மனம் வரவில்லை, இரண்டு கையாலும் எடுத்து வந்தேன்.

மச்சான் கொட்டில் வாசலில் நின்றார், காதில் கை இல்லை.

“கேட்டுதே?”

“ஓம். கதவு சாத்தின மாதிரித்தான்.” முயலைப் பார்த்தார். “இவ்வளவு சின்னதே? இதுவே என்ர நூறு மரத்தையும் திண்டது?”

கிழவருக்கு எண்ணெய் விஷயத்தைச் சொன்னபோது அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு இருமும் வரைக்கும் சிரித்தார். தன் மனைவியைக் கூப்பிட்டு, என்னைத் திரும்பவும் சொல்லச் சொன்னார். முயலைத் தோலுரிப்பது எப்படி என்று எனக்குக் காட்டியதும் அவர்தான். அதற்குக் கண் வேண்டாம், கை போதும் என்றார். பாதியை அவர்கள் கடுகுச் சாறில் வேகவைத்தார்கள். மற்றப் பாதி லாசாலில் எங்கள் வீட்டில் வறுத்த மிளகாய்த்தூள் போட்டுப் பிரட்டல் கறியானது. மச்சான் ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டார். இறைச்சியில் ஆப்பிள் வாசம் வருகிறதென்று சொன்னார். எனக்கு வரவில்லை.

ஐந்தாம் சனி இரண்டு. பெப்ரவரி நடுவில் ஒன்று. அதற்குப் பிறகு பனியில் புதுக் காலடி இல்லை. துவக்கைத் துடைத்து உள்ளே பூட்டினேன். கொப்பியில் எண்ணெய் என்ற இடத்தில் “இல்லை” என்று எழுதினேன்.

மார்ச் கடைசி ஞாயிறு. பனி சுருளுக்குக் கீழே இறங்கி, வரிசைகளுக்கிடையில் சகதி தெரிந்தது. இருவரும் முதல் வரிசையிலிருந்து நடந்தோம். அவர் ஒவ்வொரு கன்றின் பட்டையிலும் நகத்தால் ஒரு புள்ளி கீறிப் பச்சை தெரிகிறதா என்று பார்த்தார். நான் எண்ணினேன். பனிக்கு அடியில் மறைந்திருந்த கடி மூன்று வெளியே வந்தது. அவற்றிலும் ரிப்பன் கட்டினோம். பன்னிரண்டாவது வரிசை முடிந்தபோது கிழவர் வரப்பில் எங்களுக்காக நின்றார். அன்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

“எவ்வளவு, அத்தான்?”

“நூற்றித் தொண்ணூற்றாறு.”

மச்சான் கையுறையைக் கழற்றி மறுபடியும் போட்டார். “அது இருநூறுதானே.”

“இல்லை. நாலு குறைவு.”

“உங்களோட கணக்குப் பாத்தா ஒருத்தரும் தோட்டம் செய்ய ஏலாது.”

“நீதான் இருநூறு எண்டு சொன்னது.”

“ஓம், நான்தான் சொன்னது.” ரிப்பன் கட்டிய கன்றுகளின் பக்கம் திரும்பினார். அவற்றில் சிலதில் கடி அகலமில்லை, ஒரு கையளவுதான். கடிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் பட்டை உயிரோடுதான் இருந்தது. அப்படிப்பட்ட மரத்தில் ஒரு பாலம் போடலாம். இப்போதே, மொட்டு விடுவதற்கு முன்னால், மெல்லிய குச்சிகள் வெட்டிக் குளிரில் வைக்க வேண்டும். மே மாதத்தில் கடியின் கீழ்ப்பட்டைக்குள் ஒரு நுனியும் மேல்பட்டைக்குள் மறுநுனியும் செருகிக் கட்டினால், பிடித்தால் மரம் தப்பும். அதை நான் வாசித்திருந்தேன். அவர் செய்தே பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். போன வருஷம் இரண்டு மரத்தில், ஒருவருக்கும் சொல்லாமல்.

“ரெண்டும் பிடிச்சதே?”

“ஒண்டு பிடிச்சது.”

“அப்ப நாலுக்கு எட்டாச் செய்ய வேணும்.”

“எட்டையும் நீங்கதான் கட்டப் போறியள். என்ர கை மாக் குழைச்ச கை, தடிப்பு. உங்கட கைதான் நூறில ஒரு பங்கு பாக்கிற கை.” வரப்பைப் பார்த்துக் கையை உயர்த்தி, குத்தகையைத் தொடர்வதாகக் கிழவருக்குப் பிரெஞ்சில், உரத்த குரலில், “வி, முசியே! வி!” என்றார். கிழவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, சரி என்பதுபோல் ஒருதரம் கையசைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

மச்சான் கடியின் அகலத்தைச் சாணால் அளந்தபடி ஆறாவது வரிசைக்குள் இறங்கினார். நான் கொட்டிலுக்குக் கத்தி எடுக்கப் போனேன்.